வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்



சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். முகம் வாடியிருந்தது.

"சார், என் பையன் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறான். அதை அக்கக்காகக் கழற்றி ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போகிறானாம். அவன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் ரயில்வேயில் இருந்தவர். இது நடக்கிற காரியமில்லை என்று அவனுக்கு நாலு வார்த்தை சொல்லி வையுங்கள்" என்றார்.

பையன் இங்கே போபாலில் மெக்கானிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நல்ல பிள்ளை. அவனுக்கு நாலு வார்த்தை சொல்ல நான் தயார்தான். ஆனால் நடக்கிற காரியமில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த நாலு வார்த்தையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வீட்டில் இதே வயதில் பிள்ளைகள் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

எங்கே தொடங்கியது?

உதிரிப் பாகங்களை ஒரு தொகுப்பாக வாங்கி, வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் காருக்குக் கிட் கார் என்று பெயர். இந்தப் பழக்கம் வேரூன்றி வளர்ந்த நாடு இங்கிலாந்து. அதில் மறக்க முடியாத பெயர் காலின் சாப்மன். 1928இல் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். அதாவது கட்டடம், பாலம் இவற்றின் சட்டங்கள் எப்படிப் பாரம் தாங்குகின்றன என்கிற படிப்பு. 1948இல், பின்னாளில் தமக்கு மனைவியான பெண்ணின் பெற்றோர் வீட்டை ஒட்டிய கொட்டகையில், ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைக் கொண்டு தம் முதல் வண்டியைக் கட்டினார். 1952இல் லோட்டஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1957இல் லோட்டஸ் செவன் என்ற சிறிய இரட்டை இருக்கைக் கார் வெளிவந்தது. கூரை இல்லை, ஆடம்பரம் இல்லை. எடை ஏறத்தாழ 500 கிலோ.

அந்தக் காலத்தில் அங்கே முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. சம்பளக்காரர்கள் பலர் செவனைப் பெட்டிகளாக வாங்கி, சனி ஞாயிறுகளில் பூட்டினார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் கார் ஆகிவிடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. வரிச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றும் தயாரிக்கிறார்கள்.

கிட்டைக்கூட வாங்காமல் முழுவதும் தாமே செய்யும் வழியை 1996இல் ரான் சாம்பியன் என்பவர் புத்தகமாக எழுதினார். 250 பவுனுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்பது அதன் அட்டையிலேயே இருந்த வாக்கு. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிக் கழற்றி, சதுரக் குழாய்களை அறுத்து வெல்டிங் செய்து, செவன் போன்ற வண்டியைக் கட்டும் முறை அதில் உண்டு. குறைந்த செலவு என்ற பொருளில் அந்த வண்டிகளை லோகாஸ்ட் என்று அழைத்தார்கள். வீட்டுக் கொட்டகைகளில் அவை நிறையவே பிறந்தன.

காரும் ஒரு பாலமே

நான் ரயில்வேயில் 38 ஆண்டுகள், பெரும்பகுதி பாலப் பிரிவில், இரும்புச் சட்டங்களோடு காலம் கழித்தவன். திருச்சியில் டிப்ளமா முடித்ததோடு சரி. செவனின் சட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது, இது நம் பழைய ரயில் பாலத்தின் பேரப்பிள்ளை அல்லவா என்று எண்ணினேன். குழாய்களால் ஆன முக்கோணங்கள்!

ஏன் முக்கோணம்? இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவு ஊறவையுங்கள். துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி, 10 செ.மீ. நீளத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். கடலைதான் மூட்டு, ஈர்க்குதான் குழாய். மூன்று ஈர்க்கைச் சேர்த்து முக்கோணம் செய்து ஒரு முனையைத் தள்ளிப் பாருங்கள். வடிவம் மாறாது. நான்கைச் சேர்த்துச் சதுரம் செய்து தள்ளுங்கள். சாய்ந்துவிடும். அதே சதுரத்தில் மூலைக்கு மூலை 14 செ.மீ. ஈர்க்கு ஒன்றைக் குறுக்கே குத்தினால் நிமிர்ந்து நிற்கும். அது இப்போது இரண்டு முக்கோணம்.

அடுத்து ஒரு பெட்டி செய்யுங்கள். எட்டு மூலைக்கு எட்டுக் கடலை, பன்னிரண்டு ஈர்க்கு. கையில் எடுத்து முறுக்கினால் தொளதொளவென்று ஆடும். எத்தனை குறுக்குச் சட்டம் போட்டால் இது உறுதிப்படும்? 1864இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதற்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார். மூட்டுகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் வருவதே, குறைந்தபட்சம் தேவையான சட்டங்களின் எண்ணிக்கை. எட்டு மூட்டுக்கு 24, அதில் 6 போனால் 18. நம்மிடம் இருப்பது 12. குறைவது 6. பெட்டிக்கு எத்தனை முகம்? அதுவும் 6. முகத்துக்கு ஒன்றாகக் குறுக்கு ஈர்க்குக் குத்திவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். என் பேத்தி இதைச் செய்துவிட்டு, "தாத்தா, கடலையை இனிச் சுண்டல் செய்யலாமா?" என்று கேட்டாள். பாடம் புரிந்தால் சரி!

காருக்கு இது ஏன் முக்கியம்? ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முறுக்கப்படுகிறது. சட்டமே முறுக்கிக்கொண்டால் சக்கரங்கள் தரையைச் சரியான கோணத்தில் பிடிக்காது. ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்றாகும். ஆனால் காரில் ஒரு சங்கடம் உண்டு. மனிதன் உட்காரும் இடத்தின் மேல்முகத்தில் குறுக்குச் சட்டம் போட முடியாதே! அங்கே இழந்த உறுதியை, நடுவில் ஓடும் சுரங்கம் போன்ற பகுதியிலும், பக்கங்களில் அடிக்கும் அலுமினியத் தகட்டிலும் ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். நெருக்கமாக ரிவெட் அடித்த தகடும் ஒரு குறுக்குச் சட்டத்தின் வேலையைச் செய்யும்.

எடை குறைவின் பயனையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். மஸ்டா எம்.எக்ஸ்.5 என்ற காரின் முதல் தலைமுறை ஏறத்தாழ 950 கிலோ, எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத் திறன். ஆயிரம் கிலோவுக்கு 121 குதிரை என்று வருகிறது. அதே எஞ்சினைக் கழற்றி 600 கிலோ வண்டியில் பூட்டினால் ஆயிரம் கிலோவுக்கு 192 குதிரை! எஞ்சினைத் தொடவே இல்லை. எடையைக் குறைத்தோம், அவ்வளவுதான். சாப்மன் தம் வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டிருந்த தத்துவம் இதுவே. 1963 முதல் 1978 வரை அவருடைய கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது.

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1970இல் இத்தாலியின் மோன்சா மைதானத்தில், லோட்டஸ் வண்டி ஓட்டிய யோகன் ரிண்ட் உயிரிழந்தார். முன்பக்க பிரேக்கின் தண்டு ஒன்று முறிந்ததே அந்த விபத்தின் தொடக்கம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஓரத்தில் இருந்த தடுப்பும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் வீரர் அவர். எடையைக் குறைக்கக் குறைக்க, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பாகமும் பழுதில்லாமல் இருந்தாக வேண்டும்.

கவென்ட்ரியில் கண்டது

2018இல் ஓய்வு பெற்ற நான், மறு ஆண்டு கோடையில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து சென்றிருந்தேன். கவென்ட்ரி நகருக்குப் பக்கம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் எனக்கு வேலை இல்லை. அடுத்த வீட்டுக் கொட்டகையிலிருந்து கிரைண்டர் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் கால் தானாக அங்கே போகும். நான் என்ன செய்ய?

அவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொறியியல் படித்தவர் அல்ல. மேலே சொன்ன வகை வண்டியை இரண்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த மஸ்டா எம்.எக்ஸ்.5 ஒன்றை வாங்கி எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். இப்படிப் பாகங்களைத் தரும் வண்டியை அங்கே டோனர் என்கிறார்கள். உறுப்புதானம் செய்பவரை அழைக்கும் அதே சொல்.

வேலை வரிசை இதுதான். முதலில் டோனரைக் கழற்றுவது. கழற்றும்போதே ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டி, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் எழுதிவைப்பது. இரண்டாவது, சமதளமான பலகைமேல் சட்டத்தின் படத்தை முழு அளவில் வரைந்து, 25 மி.மீ. சதுரக் குழாய்களை அறுத்து அடுக்கி, எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் செய்வது. ஒரே மூச்சில் முழு வெல்டிங் செய்தால் சூட்டில் சட்டம் கோணிக்கொள்ளும். மூலைவிட்டங்களை அளந்து இரண்டும் சமமா என்று பார்த்தபிறகே முழு வெல்டிங். மூன்றாவது, சக்கரங்களைத் தாங்கும் கவட்டை வடிவக் கைகளையும் ஸ்பிரிங்குகளையும் பூட்டுவது. நான்காவது, பிரேக் குழாய்கள். ஐந்தாவது, எஞ்சினும் கியர்பாக்ஸும். ஆறாவது, வயரிங். கடைசியில் தகடும் பெயின்டும்.

இளைஞர்கள் மனத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் பெயின்ட் என்ன நிறம் என்பார்கள்!

சுத்தியல் சொன்னது

ஒரு நாள் அவர் முன்பக்கக் கவட்டைக் கைகளைத் தாங்கும் தகடுகளைச் சட்டத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தார். கம்பி தானாக வந்துகொண்டேயிருக்கும் மிக் வெல்டிங். பார்வைக்கு அழகான வேலை. புழு நெளிந்தது போல ஒரே சீராக இருந்தது. ஆனால் ஓரங்கள் குழாயோடு இழையாமல், மேலே உட்கார்ந்திருந்தாற்போல எனக்குப் பட்டது. மிக் வெல்டிங்கில் இந்த ஏமாற்று உண்டு. சூடு போதாவிட்டாலும் கம்பி உருகி மேலே படிந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்காது.

விருந்தாளியாய்ப் போன இடத்தில் குறை சொல்வது எப்படி? இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. "துண்டுக் குழாயில் இதே மாதிரி ஒரு வெல்டிங் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டேன். போட்டுத் தந்தார். அதை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தேன். நல்ல வெல்டிங் என்றால் குழாய் மடங்கும், அல்லது வெல்டிங்குக்குப் பக்கத்தில் இரும்பு கிழியும். வெல்டிங் மட்டும் விடாது. இதுவோ நாலாவது அடியில், கட்டுக் காய்ந்த புண்ணிலிருந்து பொருக்கு உரிவது போல முழுசாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

அவர் நெடுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் பக்கத்து இருக்கை அவருடைய மகளுக்கு. பதினாறு வயதுப் பெண். பிறகு மெஷினின் சூட்டைக் கூட்டி, துண்டுக் குழாய்களில் ஒரு வாரம் பழகினார். வண்டியில் இருந்த சந்தேகமான வெல்டிங்குகளைக் கிரைண்டரால் அறுத்து எடுத்து மறுபடி செய்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "வேறு யாராவது பார்த்தால் நல்லது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்றார்.

என் பிழை

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்தச் சுத்தியலை நான் எடுத்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல. என் பழைய பிழை.

1986இல் நான் ஒரு பணிமனையில் இளநிலை மேற்பார்வையாளன். பெரிய இரும்புத் துண்டுகளைத் தூக்க ஒரு தூக்குச் சட்டம் அவசரமாகத் தேவைப்பட்டது. நானே வரைந்தேன், நானே நின்று செய்வித்தேன், சரிபார்த்ததாக நானே கையெழுத்தும் போட்டேன். பாரம் ஏற்றிச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மறுநாள் சோதிக்கலாம், இன்று ஒரு தூக்கு மட்டும் என்று நினைத்தேன். கொக்கி மாட்டும் காதின் வெல்டிங் விட்டது. துண்டு அரை அடிதான் இறங்கியது. ஆனால் அதன் கீழே ஒரு கலாசியின் கால் இருந்தது.

அவர் இரண்டு விரல்களை இழந்தார். ஓய்வு பெறும் வரை சற்றுச் சாய்ந்தே நடந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்வார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தண்டனையாக எனக்கு ஓர் ஆண்டுச் சம்பள உயர்வை நிறுத்திவைத்தார்கள். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவருடைய வணக்கம்தான் தோன்றியது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் வேலையை நான் பாஸ் செய்ய மாட்டேன். செய்தவன் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. அவன் திறமைசாலியாக இருந்தாலும் தெரியாது, சொல்லப்போனால் திறமைசாலிக்குத்தான் இன்னும் தெரியாது.

அரசாங்கத்தின் கண்

இங்கிலாந்தில் இந்த விதியைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால் தனி வாகனச் சோதனையில் தேற வேண்டும். 1998இல் வந்த முறைக்குப் பதிலாக 2009 முதல் ஐ.வி.ஏ. என்ற முறை நடக்கிறது. ஒரே ஒரு வண்டிக்கு, ஒரு பரிசோதகர் மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கிப் பார்க்கிறார். பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் பிடிப்பு, ஸ்பீடோமீட்டர், சத்தம், புகை எல்லாம் பார்ப்பார். ஆள்மேல் படக்கூடிய வெளி விளிம்புகள் 2.5 மி.மீ. அளவுக்காவது உருண்டையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் தேர்ச்சி இல்லை.

நம் தபால்காரர் முதல் முறை தேறவில்லை. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் பிரேக்கின் ரப்பர்க் குழாய் சக்கரத்தில் லேசாக உரசியது. வீட்டில் நூறு முறை திருப்பிப் பார்த்தும் அவர் கண்ணில் அது படவில்லை. என் கண்ணிலும் படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல நாள் பார்த்துப் பழகியதில் என் கண்ணும் அவர் கண்ணாகிவிட்டது! குழாயை மாற்றி அமைத்து இரண்டாம் முறை தேறினார். நான் ஊர் திரும்புவதற்கு முதல் வாரம், அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் தெருவைச் சுற்றி வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

நம் நாட்டில்?

இங்கே நிலைமை வேறு. இதைப் பையன்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆம்னியை அறுத்து வேறு வண்டி செய்தால், ஆம்னியின் பதிவுச் சான்றிதழ் அந்தப் புதிய வண்டிக்குச் செல்லாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. புது மாடலைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி அங்கீகாரம் பெறும் முறை இங்கே உண்டு, ஆனால் அது கம்பெனிகளை மனத்தில் வைத்து வகுத்த முறை. கொட்டகையில் ஒரே ஒரு வண்டி கட்டுபவருக்கு ஏற்றதல்ல.

அப்படியென்றால் கதவு அடைத்துவிட்டதா? இல்லை. சாலையில் ஓடாத வண்டிக்கு வழி இருக்கிறது. கோயமுத்தூரில் கரிவரதன் என்பவர், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். பணக்காரர்களுக்கு மட்டுமே என்றிருந்த பந்தயத்தை மற்றவர்களும் எட்டும்படி செய்தார். பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயனும் தொடக்க நாட்களில் அந்த வண்டியை ஓட்டியவர்தான். கரிவரதன் 1995இல் வான் விபத்து ஒன்றில் மறைந்தார். கோவையில் உள்ள பந்தய மைதானம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் மாநிலத்திலேயே, இந்தூரை அடுத்த பீதம்பூரில், பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டிகளோடு கூடும் பாஹா போட்டி நடந்திருக்கிறது. அங்கேயும் முதலில் ஓட்டம் இல்லை. முதலில் பரிசோதனை. பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்க வேண்டும். நின்றால்தான் களத்தில் இறங்கலாம்.

பையனுக்கும் பெற்றோருக்கும்

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: தடுக்காதீர்கள். வெளியூரில் வந்து பிழைக்கும் நாம், பிள்ளைகள் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்ந்தாலே பயப்படுகிறோம். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கியர்பாக்ஸைத் தன் கையால் கழற்றிப் பூட்டிய பையன், அதைப் படத்தில் மட்டும் பார்த்த பையனைவிட நல்ல எஞ்சினியராக வருவான். பின்கட்டு இடத்தைக் கொடுங்கள். தீயணைக்கும் கருவி ஒன்றும், வெல்டிங் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். பெட்ரோல் டாங்கைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே வெல்டிங் நடக்க வேண்டும்.

பையனுக்கு நான் வைத்த நிபந்தனை நான்கு. ஒன்று, வண்டி ஒரு நாளும் சாலைக்கு வராது. இரண்டு, வெல்டிங் செய்யும் ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு துண்டில் போட்டுச் சுத்தியலால் உடைத்துப் பார்த்த பிறகே சட்டத்தைத் தொடலாம். மூன்று, போல்ட்டை ஒருவன் டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும், இன்னொருவன் சரிபார்த்து அதன்மேல் பெயின்ட் கோடு போட வேண்டும். இரண்டும் ஒரே கையாக இருக்கக் கூடாது. நான்கு, எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

நிபந்தனைகளைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. "மாமா, எனக்கு வெல்டிங் நன்றாகவே வரும்" என்றான். சரி, ஒன்று போட்டுக் காட்டு என்றேன். போட்டான். சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்தேன். மூன்றாவது அடியில் பெயர்ந்து வந்தது. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டான். அவன் அப்பா என்னைப் பார்த்து, இத்தோடு விட்டுவிடுவான் என்கிற மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் மாலை என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. பழைய துணிப்பையில் பதினொரு துண்டுகளோடு வாசலில் நின்றான். எட்டு பெயர்ந்திருந்தன. மூன்றில் குழாய் மடங்கியிருந்தது, வெல்டிங் விடவில்லை. ஒவ்வொரு துண்டின்மேலும் சூடு எவ்வளவு வைத்தான் என்று சாக்பீஸால் எழுதியிருந்தான்.

"நோட்டில் எழுதினாயா?" என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் காட்டினான். பன்னிரண்டாவதாக, முதல் நாள் பெயர்ந்துபோன துண்டையும் சேர்த்து எழுதியிருந்தான்.

அவன் அம்மாவிடம் இப்போது நான் தைரியமாகச் சொல்லலாம். கவலைப்படாமல் சாப்பிடுங்கள் அம்மா, பிள்ளை சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறான்.